நோயின் பெயர் சொல்லாத வரி

அந்தத் தொழிற்சாலையில் ஒரு நாள் லீவு வேண்டுமென்றாலும் ஆங்கிலத்தில்தான் கடிதம் கொடுக்க வேண்டும். அதில் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி என்று ஏதாவது எழுதிவிட்டால் போச்சு. லீவு கிளார்க் அந்தத் தாளின் மூலையை மடித்து மருத்துவ அறைக்கு அனுப்பிவிடுவார். மூன்று முறை மூலை மடிந்தவனைக் கூப்பிட்டு, கையில் ஒரு குழாயைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து ஊதச் சொல்வார்கள். குழாயிலுள்ள அளவுமுள் பாதிவரை ஏறவில்லையென்றால் மறுநாள் காவலாளி அவனை உள்ளே விடமாட்டான். காரணம் கேட்டால், ஆள் குறைப்பு என்பார்கள். நோய் என்று சொல்லமாட்டார்கள்.

அங்கே செய்வது கைகழுவும் தொட்டிகளும் கழிப்பறைப் பீங்கான்களும். அச்சில் வார்த்த களிமண் காய்ந்ததும், சூளைக்குப் போகுமுன், உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். தேய்க்கிற கூடத்தில் நாற்பத்திரண்டு பேர். சாயங்காலம் வெளியே வரும்போது நாற்பத்திரண்டு பேரும் புருவம்வரை நரைத்த கிழவர்களாக இருப்பார்கள். குழாயடியில் முகம் கழுவியதும் அவரவர் வயசு திரும்பி வரும். உள்ளே போன தூளைக் கழுவத்தான் குழாய் இல்லை.

லீவுக் கடிதங்களை எழுதிக் கொடுத்த பெண்ணின் அப்பா இருபத்து மூன்று வருஷமாக அந்தக் கூடத்தில் ஜன்னலோர மேசையில் தேய்த்தவர். ஜன்னல் என்றால் காற்று வரும் ஜன்னல் இல்லை. தூள் வெளியே பறந்து அக்கம்பக்கத்தார் புகார் சொன்னதால் ஆணியடித்து மூடிய ஜன்னல்.

அவள் பத்தாம் வகுப்பு முடிய மூன்று மாதம் இருக்கும்போது படிப்பை விட்டாள். அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன். சமைக்க ஆள் வேண்டியிருந்தது. நாலு மாதத்தில் அம்மாவின் முதுகு நிமிர்ந்துவிட்டது. அவள் படிப்பு நிமிரவில்லை. பள்ளிக்கூடத்திலும் அவளைத் தேடவில்லை. நாலு பேர் முன்னால் நின்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் வகுப்பில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வாசலில் யாராவது கூப்பிட்டால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். ஆனால் தாளும் பேனாவும் கிடைத்தால் அவள் வேறு ஆள்.

முதல் கடிதம் எழுதிய நாளில் அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் படுத்தால் சரியாகிவிடும் என்றார். அவள் கடுமையான இருமல் என்று ஆங்கிலத்தில் எழுதி, படித்து, அர்த்தமும் சொன்னாள். அப்பா தலையை ஆட்டினார்.

"இருமல் வேண்டாம் பாப்பா. எந்த நோய் பேரும் வேண்டாம். மூலையை மடிச்சிடுவாங்க. சொன்ன மாதிரியும் இருக்கணும், சொல்லாத மாதிரியும் இருக்கணும்."

அப்படி ஒரு வார்த்தைக்கு அவள் எங்கே போவாள்? பழைய ஆங்கில உரைநூலை எடுத்தாள். கடைசிப் பக்கங்களில் ஆங்கிலேயர் அன்றாடம் புழங்கும் மரபுத்தொடர்கள் அகரவரிசையில் இருந்தன. கிட்டத்தட்ட கடைசியில் ஒன்று: அண்டர் தி வெதர். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் வானிலைக்கு அடியில். பக்கத்தில் சின்ன எழுத்தில், 'உடம்பு லேசாகச் சுகமில்லாதபோது சொல்வது. பெரிய நோய்க்குப் பயன்படுத்தக் கூடாது' என்று போட்டிருந்தது. இரண்டாவது வாக்கியத்தை அவள் படிக்காமல் விடவில்லை. இரண்டு தரம் படித்தாள். அந்த வாக்கியத்துக்காகவேதான் அந்தத் தொடரைத் தேர்ந்தெடுத்தாள்.

லீவு கிளார்க் கடிதத்தைப் பார்த்து, துரை வீட்டு இங்கிலீஷாக இருக்கிறதே, யார் எழுதியது என்று சிரித்தாராம். மூலையை மடிக்கவில்லை. 'சில்லறைக் காரணம்' என்று எழுதியிருந்த கோப்பில் போட்டுவிட்டார். அப்பா அதைச் சொன்னபோது இருமலையும் மீறி அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. என் மக எழுதினது சார், என்று சொன்னதாகச் சொன்னார்.

பத்து நாளில் கூடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பரப்பியவர் ரேடியோ. அப்பாவுக்கு அடுத்த மேசைக்காரர். பக்கத்துக் கட்டடத்தில் குடியிருப்பவர். வாய் மூடாதவர் என்பதால் அந்தப் பெயர். அவள் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். முதலில் தனக்கொன்று வேண்டுமென்று வந்தார். அர்த்தத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"வானத்துக்கு அடியிலயா? நாம தூசிக்கு அடியில இல்ல கிடக்கோம். சரி, எழுது, எழுது. தூசியை விட வானம் தேவலாம்."

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் வந்தார்கள். ஆண்கள் வெளியே நிற்பார்கள். அம்மா போய்த் தேதியும் பெயரும் கேட்டு வருவாள். அவள் உள்ளே உட்கார்ந்து எழுதுவாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கூடத்தில் அது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. இருமல் தாங்காமல் ஒருவர் மேசையில் குனிந்தால், என்னய்யா வெதரா என்பார்கள். கடைத்தெருவில் பெண்கள்கூட, உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு நாளா வெதராமே என்று விசாரித்துக்கொண்டார்கள். அவளுக்கு லெட்டரம்மா என்று பெயர் வைத்தார்கள். கதவுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிடித்திருந்தது என்பதுதான் பின்னால் அவளை அதிகம் அறுத்தது.

முதல் வருஷம் அப்பாவுக்கு ஐந்து கடிதம். இரண்டாம் வருஷம் பதின்மூன்று. மூன்றாம் வருஷம் இருபத்தொன்பது. அந்த மூன்றாம் வருஷத்தில் அப்பா படுத்துத் தூங்குவதை விட்டுவிட்டார். சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார். அவருடைய கைக்குட்டைகளை அம்மா மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனி வாளியில் ஊறவைத்தாள். அந்த வாளித் தண்ணீர் என்ன நிறமாக மாறும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான், வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, லேசாகச் சுகமில்லை என்ற அதே வரியை நாற்பத்தேழாவது முறையாக எழுதினாள்.

நாற்பத்தெட்டாவது தேவைப்படவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா ஒரு தொட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தார், வைத்த கை எழவில்லை, தொட்டியோடு சரிந்தார். உடைந்தது தொட்டி மட்டும்தான் என்று ரேடியோ வந்து சொன்னார். அவருடைய சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டுகள். தொழிற்சாலையில் ஒரு விதி இருந்தது. வேலையின் தூளால்தான் நெஞ்சு கெட்டது என்று மூன்று பேர் குழு ஒப்புக்கொண்டால், அந்தத் தொழிலாளிக்கு நெஞ்சு ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை உண்டு. தலைமாட்டில் இரும்பு உருளையில் காற்று உண்டு. எத்தனை நாள் ஆனாலும் அனுப்பமாட்டார்கள். நோய் வேலை செய்த காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது என்பதற்குத் தாளில் ஆதாரம் வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. அப்பாவுக்கு மூச்சு என்பது இப்போது எண்ணி எண்ணிச் செலவழிக்கும் சமாச்சாரமாகிவிட்டது. அந்தப் படுக்கை கிடைத்தால் பிழைத்துக் கிடப்பார். கிடைக்காவிட்டால் இல்லை. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

குழு கூடும் நாளில் கடிதங்களை எழுதிய மகளும் வரவேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே ரேடியோ வந்தார். வழக்கமாக வாசலிலேயே பேச்சைத் தொடங்கிவிடுகிறவர், உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் தரையைப் பார்த்தார்.

"பாப்பா, நான் கேக்கக் கூடாததைக் கேக்கறேன். அப்பாவுக்காக நீ என்ன வேணும்னாலும் பேசு. ஆனா நாம எல்லாரும் சேர்ந்து நோயை மறைச்சோம்னு மட்டும் சொல்லிடாதே. சொன்னா அத்தனை பேரையும் ஊத வெச்சிடுவாங்க. என்னால மெழுகுவத்தியைக்கூட ஊதி அணைக்க முடியாது."

அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், இன்னும் படிக்கிறாள். அப்பாதான், பிள்ளையைப் போட்டு மிரட்டாதேப்பா, அது பேசினாத்தானே என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

குழு கூடிய அறை குளிர்ந்திருந்தது. நீள மேசை, மேலே தண்ணீர்க் குவளைகள், தூசி என்பதே தெரியாத கண்ணாடி. மேசையின் அந்தப் பக்கம் ஆபீசர், ஒரு டாக்டரம்மா, எதுவும் பேசாமல் குறிப்பெடுக்கும் ஒருவர். இந்தப் பக்கம் இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா. அவர் பக்கத்தில் அவள். மாடி ஏறி வந்ததில் அப்பாவின் மூச்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்கும்வரை எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

ஆபீசர் கெட்டவர் போலப் பேசவில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று. அவர் ஒரு கோப்பைத் திறந்து, நாற்பத்தேழு கடிதங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டிக் காட்டினார். தூளால் வரும் நோய் ஒரே நாளில் வருவதில்லை, வருஷக்கணக்கில் வளரும், இருமலும் வலியும் ரத்தமும் தொழிலாளியே சொல்லுவான் என்றார். இங்கே மூன்று வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லையே என்றார். படத்தில் தெரியும் திட்டு போன மாதம் பிடித்த சளியாகவும் இருக்கலாம் அல்லவா? பிறகு ஒரு கடிதத்தை மேசைமேல் அவள் பக்கம் நகர்த்தினார்.

"இது உன் கையெழுத்துதானேம்மா? இந்த வரிக்கு என்ன அர்த்தம்னு நீயே சொல்லு."

அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அவள் தன் அப்பாவின் தலையில் நாற்பத்தேழு முறை, அழகான கையெழுத்தில் போட்டிருந்தாள். டாக்டரம்மா தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் தள்ளி, அர்த்தம் எனக்குத் தெரியும், அதை எழுதினபோது அப்பாவுக்கு உண்மையில் எப்படி இருந்தது, அதைச் சொன்னால் போதும் என்றார்.

அந்தக் குரலில் ஒரு பரிவு இருந்தது. அவள் தண்ணீரைக் குடித்தாள். பிறந்ததிலிருந்து அந்நியர் முன்னால் முழுசாக ஒரு வாக்கியம் பேசாதவள், பேசினாள்.

"ரத்தம் வந்துச்சு மேடம். ரெண்டு வருஷமா. கைக்குட்டையில. நோய் பேரை எழுதினா வேலை போயிடும்னு லேசா எழுதினேன். அந்தச் சொல் லேசுன்னு தெரிஞ்சேதான் எழுதினேன்."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். அந்த ஒரு நொடியில் படுக்கை, வெள்ளை விரிப்பு, தலைமாட்டில் உருளை எல்லாமே அவள் கண்ணுக்குத் தெரிந்தன. அப்பா தலையைக் குனிந்திருந்தார். விசில் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஆபீசர் கோபப்படவில்லை. நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு கட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தார். பெரிய கட்டு. மேலே இருந்த தாளில் ரேடியோவின் பெயர். அதற்குக் கீழும் அதே முத்து முத்தான எழுத்து, அதே வரி. முப்பத்தெட்டுப் பேருடைய கடிதங்கள் என்றார்.

"இதுவும் நீதான் எழுதினே. அப்ப இவங்களுக்கும் ரத்தமா? அப்படீன்னா சொல்லு, நாளைக்கே எல்லாரையும் ஊதச் சொல்லிடறேன். இல்ல, இவங்களுக்கு லேசுதான், உங்கப்பாவுக்கு மட்டும்தான் பொய்யா எழுதினேன்னா, பொய்க் கடிதம் கொடுத்த ஆளுக்குப் படுக்கை கிடையாது. எது?"

இரண்டில் எதைச் சொன்னாலும் அப்பா கொடுத்தது பொய்க் கடிதமாகவே நிற்கும், அவர் பிழைக்கமாட்டார் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை. வீட்டுக்குப் போய், இரண்டு நாள் கழித்து, பாத்திரம் தேய்க்கும்போதுதான் புரிந்தது. அந்த அறையில் அவள் டாக்டரம்மாவைத்தான் பார்த்தாள். அவராவது, எல்லோரையும் ஊதச் சொல்லுங்கள், எல்லோருக்கும் படுக்கை கொடுங்கள் என்று சொல்லுவார் என்று பார்த்தாள். டாக்டரம்மா பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். தேடி எடுத்து மூடினார்.

அப்பா கையை மேசைமேல் வைத்தார். நகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு. எந்த சோப்புக்கும் போகாத கோடு. மூச்சைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு இரண்டு சொல்லாகப் பேசினார்.

"புள்ள பயந்து... ஏதோ சொல்லுது சார். எனக்கு லேசாத்தான்... இருந்துச்சு. எல்லாருக்கும் லேசுதான்."

பிறகு அவள் பக்கம் திரும்பி, சொல்லு பாப்பா என்றார். அதட்டவில்லை, சின்ன வயசில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாரே, அந்த மாதிரி. அவள் ஒப்பித்தாள். உடம்பு லேசாகச் சுகமில்லாதபோது சொல்வது. பெரிய நோய்க்குப் பயன்படுத்தக் கூடாது. குறிப்பெடுத்தவர் இரண்டு வாக்கியத்தையும் எழுதிக்கொண்டார். ரொம்ப நல்லாச் சொன்னேம்மா என்றார் ஆபீசர். இந்தக் காலத்தில் பட்டம் வாங்கினவர்களுக்கே இது தெரிவதில்லை என்றும் சொன்னார்.

அம்மா வீட்டு வாசலில் நின்றிருந்தாள். அப்பாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு நடந்ததைக் கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ படிச்சிருக்கவே கூடாதுடி. இல்லேன்னா முழுசாப் படிச்சிருக்கணும்." அதற்கு மேல் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாலாம் நாள் கடிதம் வந்தது, ஆங்கிலத்தில். அப்பா சுவரில் சாய்ந்தபடி, என்ன போட்டிருக்கு என்றார். ஏதாவது நல்லபடியாகச் சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. லேசாகச் சொல்வதில் அவளுக்குத்தான் பழக்கம் உண்டே. ஆனால் உள்ளதை உள்ளபடி சொன்னாள். தற்காலிகமான சளி. பத்து நாள் ஓய்வு. அதன்பின் தேய்ப்புக் கூடத்தில் வேலைக்குத் தகுதியானவர். அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க அரைமணி நேரம் ஆயிற்று.

வேலைக்குப் போகவேண்டாம் என்று அம்மா காலைப் பிடித்தாள். போகாவிட்டால் தானாக நின்றதாக எழுதிவிடுவார்கள், வெளி ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்க முடியாது, கம்பெனி அட்டை இருக்கும்வரை மாத்திரையாவது கிடைக்கும் என்றார் அப்பா. அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் கொடுமை.

பதினோராம் நாள் காலை அவளும் கூடப் போனாள். பத்து நிமிஷ நடை; ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டார்கள். மூன்று இடத்தில் உட்கார்ந்தார்கள். பல்பு எரியாத ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தொழிற்சாலையின் சுவர் தெரிந்ததும் அப்பா தன் கையை அவள் பிடியிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார்.

"இனிமே நீ பிடிக்கக் கூடாது பாப்பா. யாராவது பார்த்தா, நடக்க முடியாதவன்னு எழுதுவாங்க. நீ பின்னால வா. தெரியாத ஆள் மாதிரி வா."

அவள் பத்தடி பின்னால் போனாள். அப்பாவின் முதுகு சட்டைக்குள் ஏறி ஏறி இறங்குவது தெரிந்தது. வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் குனிந்து, செருப்பின் வாரைச் சரிசெய்வது போல வெகுநேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தார். செருப்பில் வாரே இல்லை. அவள் நின்றாள். தெரியாத ஆள் நிற்கமாட்டார் என்று நினைவு வந்து, சுவரோரம் ஒதுங்கிக் கடிகாரம் இல்லாத மணிக்கட்டைப் பார்ப்பது போல் நடித்தாள்.

அவர் நிமிர்ந்து நடந்தார். காவலாளி, என்னண்ணே தேறிட்டீங்களா என்று கேட்டது அவளுக்குக் கேட்டது. பதில் சொல்ல மூச்சு இல்லாமல் அப்பா கையை உயர்த்திக் காட்டினார். வேலைக்கு வந்துகொண்டிருந்த மற்றவர்களின் நடுவே அந்தக் கை கொஞ்ச தூரம் தெரிந்தது.

அவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரேடியோ மட்டும் நின்றார். ஏதாவது பேசுவார் என்று நினைத்தாள். அவர் அவள் தலைமேல் கையை வைத்தார். பிறகு அவரும் வேகமாக உள்ளே போனார். அப்பாவின் மேசைக்கு வரும் தொட்டிகளை இன்று அவர்தான் தூக்கிவைக்க வேண்டும்.

சங்கு ஊதியது. வாசலை இழுத்துச் சாத்தினார்கள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து நாற்பத்திரண்டு உப்புத்தாள்கள் தேய்க்கும் சத்தம் மழை பிடித்தது போல எழுந்தது. அதில் அப்பாவுடையது எது என்று பிரித்துக் கேட்க முடியுமா என்று அவள் சுவரில் காதை வைத்து நின்றாள். முடியவில்லை. வெயில் ஏறி, காவலாளி வந்து, இங்கே நிற்கக் கூடாதும்மா என்று சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.